இருபத்தைந்து ரூபாயும் ஆறாயிரம் கோடியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

2024 நவம்பர் 25-ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்பது அதன் பெயர். 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை, அரசைச் சேர்ந்த 6,300 கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் உள்ள 1.8 கோடிப் பேர் கணிப்பொறி வழியே படிக்கலாம். 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய். அந்த 1.8 கோடியில் நாமும் அடக்கம். மாணவ நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் அவற்றில் ஓர் இதழையேனும் திறந்து பார்த்திருக்கிறோம்? வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். 'சந்தா' என்றதும் பலர் ஏதோ விழா வசூல் என்று எண்ணிச் சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டனர்!

ஆய்விதழ் வாணிபம் விந்தையானது. கட்டுரை எழுதும் அறிஞருக்கு இதழ் ஊதியம் தருவதில்லை. அது சரியா தவறா என்று ஆராய்ந்து சொல்லும் பிற அறிஞர்களுக்கும் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. ஆராய்ச்சிக்கு ஆன செலவோ பெரும்பகுதி மக்களின் வரிப்பணம். இவ்வளவும் முடிந்த பிறகு, அதே கட்டுரையை அறிஞர் பணிபுரியும் பல்கலைக்கழகமே விலை கொடுத்து வாங்கவேண்டும். தனி ஒருவர் ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க முப்பது, நாற்பது டாலர் கேட்கும் இதழ்கள் பல உள்ளன. என் தந்தையார் கொத்து வேலை செய்பவர். மூன்று நாட்கள் சாரத்தின் மேல் நின்றால்தான் அந்தத் தொகை அவர் கைக்கு வரும்.

1665-இல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' இதழைத் தொடங்கியபோது தாளுக்கும் அச்சுக்கும் செலவு இருந்தது. விலை வைத்ததில் நியாயமும் இருந்தது. 1991-இல் அமெரிக்க இயற்பியலறிஞர் பால் கின்ஸ்பார்க், கட்டுரைகளைக் கணிப்பொறி வழியே யாவரும் இலவசமாகப் பெறுமாறு ஓர் ஏற்பாட்டைச் செய்தார். 'ஆர்க்கைவ்' எனப்படும் அது இன்றும் நடைபெறுகிறது. இயற்பியலுக்கும் கணிதத்திற்கும் அதுவே ஊர்ப் பொதுக்கிணறு. அதே 1991-இல்தான் ராபர்ட் மேக்ஸ்வெல்லின் பெர்கமான் பதிப்பகத்தை எல்சேவியர் நிறுவனம் விலைக்கு வாங்கியது. ஒருபுறம் கிணறு வெட்டினார்கள். மறுபுறம் குளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். தாள் போயிற்று, தபால் போயிற்று, விலை மட்டும் போகவில்லை.

இப்பொழுது படிப்பவருக்குப் பதிலாக எழுதுபவரிடம் பணம் வாங்கும் வழக்கமும் பரவி வருகிறது. கட்டுரையை எல்லோரும் படிக்கத் திறந்துவிட 'நேச்சர்' இதழ் 2020-இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. ஏழை நாடுகளுக்குச் சலுகை உண்டு என்பார்கள். சலுகை கேட்டு வாசலில் நிற்பதும் உரிமையோடு உள்ளே போவதும் ஒன்றாகுமா? கசகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்கியான் 2011-இல் சுவர் ஏறிக் குதிக்கும் வழியாக 'சை-ஹப்'பைத் தொடங்கினார். வெளியீட்டாளர்கள் 2020-இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 2025 ஆகஸ்டில் அதை நம் நாட்டில் முடக்க ஆணை பிறந்தது. சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆயினும் தாகம் எதனால் வந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சந்தா என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் இதனினும் பழைய கதை ஒன்று உண்டு. கணித மாணவன் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். சென்னை மாகாணத்தில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர் கணிதத்தில் தீராப் பற்றுடையவர். அயல்நாட்டுக் கணித இதழ்களைத் தனியே வாங்க எவராலும் இயலாத காலம். எனவே, ஆளுக்கு ஆண்டுச் சந்தா 25 ரூபாய் போட்டு, இதழ்களையும் நூல்களையும் பொதுவில் வாங்கி, உறுப்பினர்களுக்குத் தபாலில் சுற்றுக்கு விடலாம் என்று அன்பர்களை அழைத்தார். 1907-இல் இருபது பேருடன் அக்கழகம் பிறந்தது. 25 ரூபாய் அன்று சிறு தொகையன்று. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்த ராமானுஜனின் மாதச் சம்பளமே 30 ரூபாய்தான்! பிறர் எழுதியதைச் சுற்றுக்கு விடுவதோடு அக்கழகம் நின்றுவிடவில்லை. இரண்டே ஆண்டில் தானும் ஓர் இதழ் தொடங்கிற்று. எஃப்.ஏ. தேர்வில் தேறாத ராமானுஜன் 1910-இல் திருக்கோவிலூருக்குச் சென்று ராமசாமி ஐயரைச் சந்தித்தார். மறு ஆண்டு அவரது முதல் ஆய்வுக்கட்டுரை அந்த இதழில்தான் வெளிவந்தது. இன்றைய இந்தியக் கணிதக் கழகம் அதன் வளர்ச்சியே ஆகும்.

அந்த இருபது பேரும் படிக்கவேண்டும் என்ற வேட்கையால் தாமே சந்தா கட்டியவர்கள். தபாலில் இதழ் வந்த அன்று அவர்கள் வீட்டில் வேறு வேலை நடந்திருக்குமா? நமக்கோ பிறர் கட்டிய சந்தா. போகட்டும், நம் நிலைமைதான் என்ன? நம் நூல் நிலையக் கணிப்பொறிகள் மாணவர் வகுப்பில் இருக்கும் நேரத்தில் திறந்திருக்கும். வகுப்பு விட்டதும் மூடிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த நம்மில் பெரும்பாலோர்க்கு ஆங்கில ஆய்வுக்கட்டுரையின் முதற் பத்தியே மலையேற்றம். அதை எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது என்று எவரும் சொல்லித் தந்ததில்லை. தேர்வுக்குக் கையேடு போதும் என்றிருக்கும்போது யார்தான் மலையேறுவர்?

பேராசிரியப் பெருமக்கள் வாரம் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாகாதா? எடுத்த எடுப்பில் கடினமான இதழ்கள் வேண்டியதில்லை. சர் சி. வி. ராமன் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியல் கழகம், 1996 முதல் பட்ட வகுப்பு மாணவர்க்கென்றே 'ரெசொனன்ஸ்' என்ற மாத இதழை நடத்துகிறது. கழகத்தின் இணையப் பக்கத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். அதில் ஒரு கட்டுரையை ஐந்து பேர் சேர்ந்து படித்து, ஒரு பக்க அளவில் தமிழில் எழுதித் துறைப் பலகையில் ஒட்டலாம். கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் 'கலைக்கதிர்' வெளியிட்டு அறிவியலைத் தமிழில் தந்த நாட்டில் இது ஒன்றும் புதுமையன்று.

ஒதுக்கிய பணம் 2027-ஆம் ஆண்டுக்குரியதோடு முடிகிறது. தொடரலாமா என்று எண்ணும்போது எங்கெங்கே எத்தனை பேர் படித்தனர் என்ற கணக்கை அரசு கேட்கத்தானே செய்யும்? ஐ.ஐ.டி.களுக்கு நேரே பெரிய எண்களும் அரசு கலைக் கல்லூரிகளுக்கு நேரே பூஜ்யங்களும் இருந்தால், 'இவர்களுக்கு எதற்கு?' என்று ஒருவர் சொல்ல மாட்டார் என்பது என்ன நிச்சயம்?

நூல் நிலையத்தை மாலை ஆறு மணி வரை திறந்துவைக்க வேண்டி முதல்வர் அவர்களுக்கு எழுதிய விண்ணப்பம் கணிதத் துறையில் இருக்கிறது. இதுவரை பதினேழு பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். கடைசிப் பேருந்து ஆறேகாலுக்குத்தான்.