கோட்டா பல்கலைக்கழக வாசலோடு நின்றுவிடுகிறது

வெள்ளிக்கிழமை வர்த்தமானி வெளியாகும் நாள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போது பட்டதாரி இளைஞர்கள் சிலர் எம்மிடம் வருவது வழமையாகிவிட்டது. மார்க்கத் தீர்ப்புக் கேட்க வருவதில்லை. "மௌலவி, எம்.பி.யிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்பதுதான் கேள்வி. படித்து, பரீட்சை எழுதி, சித்தியடைந்த ஒருவர் ஏன் எம்.பி.யின் வாசலில் நிற்க வேண்டும் என்று நாம் திருப்பிக் கேட்டால், அவர்களிடம் பதில் தயாராக இருக்கும். சங்கடமான விடயம், அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவே இருப்பதுதான்.

எமது நாட்டில் பின்தங்கிய பிரதேசங்களுக்குச் சலுகை என்றதும் எல்லோரும் பல்கலைக்கழக அனுமதியைத்தான் பேசுகிறோம். விஞ்ஞானம், வர்த்தகம் போன்ற துறைகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், புத்தளம் ஆகியன அந்தப் பதினாறுக்குள் அடங்கும். மொனராகலையும் பொலன்னறுவையும் அதில் இருக்கின்றன. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தபோது அதனால் அதிகம் இழந்த யாழ்ப்பாணமும் இன்று அதே பட்டியலில் இருக்கிறது. யுத்தம் செய்த வேலை அது.

இந்த ஏற்பாடு பிள்ளையைப் பல்கலைக்கழக வாசல் வரை கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து வெளியே வந்தவுடன் கை விட்டுவிடுகிறது. நிர்வாக சேவை, கணக்காளர் சேவை, திட்டமிடல் சேவை போன்ற நாடளாவிய சேவைகளின் திறந்த போட்டிப் பரீட்சையில் பொத்துவில் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு வார இறுதியில் பரீட்சை வகுப்பு, கடந்தகால வினாத்தாள் தொகுப்பு, ஏற்கெனவே அந்தச் சேவையில் இருக்கும் மாமாவின் ஆலோசனை எல்லாம் காலடியில் கிடைக்கின்றன. மற்றவர் நேர்முகப் பரீட்சைக்கு இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் கோட்டையில் இறங்கி, முகம் கழுவ இடம் தேட வேண்டும். அவர் தமிழ்மொழி மூலம் படித்தவராயின் வழிகாட்டி நூல்களும் வகுப்புகளும் இன்னும் அரிது.

எமது தரப்பினர் இதற்கு வழமையாகக் கேட்பது இன விகிதாசாரத்தை. அந்தக் கோரிக்கையின் பின்னாலுள்ள வலியை நாம் மறுக்கவில்லை. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு தமிழ் பேசும் மக்கள் அரச சேவையில் இழந்தது கொஞ்சமல்ல. மௌலவி ஆசிரியர் நியமனம் எத்தனை ஆண்டுகள் இழுபட்டது என்பது எம்மைப் போன்றவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்த வழியில் ஏற்கெனவே போய்ப் பார்த்தாயிற்று. 1990இல் ஓர் அரச நிர்வாகச் சுற்றறிக்கை ஆட்சேர்ப்பிலும் பதவி உயர்விலும் இன விகிதாசாரத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றத்தில், சமத்துவ உரிமை என்ற கல்லில் அது இடறியது. அதைவிட அடிப்படையான குறை ஒன்றும் உண்டு. இன விகிதாசாரத்தில் எமக்குக் கிடைக்கும் பத்து இடங்களும் கொழும்பு, கண்டி நகரத்துப் பிள்ளைகளுக்கே போய்விட்டால் இறக்காமத்துக்கு என்ன கிடைத்தது?

மாவட்டம் என்ற அலகும் போதாது என்பதே எமது கருத்து. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. அம்பாறை மாவட்டம் பின்தங்கியது என்ற பெயரில் கிடைக்கும் இடங்களில் கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை பெறுவது எவ்வளவு, பொத்துவில் பெறுவது எவ்வளவு? அதே மாவட்டத்தில்தான் மகாஓயாவும் பதியத்தலாவையும் இருக்கின்றன. அங்குள்ள சிங்களப் பிள்ளைக்கும் கொழும்பு அதே தூரம்தான். மட்டக்களப்பில் வாவிக்கு இந்தப் பக்கம் காத்தான்குடியும் நகரமும். அந்தப் பக்கம் படுவான்கரை. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி ஆகியவற்றின் நிலை என்ன என்பது பாலத்தைக் கடந்து போய்வருபவர்களுக்குத் தெரியும். மாவட்டக் கணக்கில் இந்த இரு கரைகளும் ஒன்று.

பாதிப்பு வேலை தேடும் பட்டதாரிக்கு மட்டும் அல்ல. வெளியிலிருந்து நியமனம் பெற்று வருபவர் கஷ்டப் பிரதேசப் பாடசாலையிலோ பிரதேச செயலகத்திலோ கடமையேற்ற நாளிலிருந்து இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்குகிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. குடும்பம் வேறிடத்தில் இருக்கிறது. ஆனால் கோப்பில் வெற்றிடம் நிரப்பப்பட்டிருக்கும், வகுப்பில் ஆசிரியர் இருக்கமாட்டார். அந்த வகுப்புப் பிள்ளை உயர்தரத்தில் விழுந்தால், அடுத்த தலைமுறையிலும் அந்த ஊரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வரமாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான தீர்வு அரசின் கையிலேயே இருக்கிறது. கிராம உத்தியோகத்தர் பதவிக்கு பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெற்றிடம் கணக்கிட்டு, அந்தப் பிரிவில் வதிபவர்களிடமிருந்தே விண்ணப்பம் கோருகிறார்கள். போட்டிப் பரீட்சையும் உண்டு, திறமையும் பார்க்கப்படுகிறது. கீழ் மட்டத்தில் செல்லும் இந்த நியாயம் மேல் மட்டத்துக்கு மட்டும் ஏன் செல்லாது? நாடளாவிய சேவைகளில் ஒரு சிறு பங்கையாவது பின்தங்கிய பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு ஒதுக்கி, குறிப்பிட்ட காலம் அங்கேயே கடமையாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு வழங்கினால், ஊருக்கு உத்தியோகத்தரும் உத்தியோகத்தருக்கு ஊரும் கிடைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. பங்களாதேஷில் 1972இல் அரச வேலைகளில் 40 வீதம் மாவட்டங்களுக்கும் 30 வீதம் சுதந்திரப் போராளிகளுக்கும் ஒதுக்கப்பட்டன. காலப்போக்கில் மாவட்டப் பங்கு 10 வீதமாகச் சுருங்கியது. போராளிகளின் 30 வீதமோ அசையாமல் நின்று, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நீண்டது. அது ஆளுங்கட்சி விசுவாசிகளின் சொத்து என்று மாணவர்கள் கருதினார்கள். 2018இல் உயர்தர அரச பதவிகளில் கோட்டா நீக்கப்பட்டு, 2024 ஜூனில் நீதிமன்றத்தால் மீண்டும் வந்தபோது தெருவுக்கு இறங்கினார்கள். ஜூலை 21ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 93 வீதத்தைத் திறமைக்கு விட்டது. ஆகஸ்ட் 5இல் ஷேக் ஹசீனா நாட்டை விட்டே வெளியேறினார். அந்தக் கொந்தளிப்பில், பின்தங்கிய மாவட்டங்களின் 10 வீதமும் பெண்களின் 10 வீதமும் சத்தமில்லாமல் அடித்துச் செல்லப்பட்டதைப் பலர் கவனிக்கவில்லை. விசுவாசத்துக்குக் கொடுத்த பங்கின் மீதிருந்த கோபம், தேவைக்குக் கொடுத்த பங்கையும் சேர்த்து விழுங்கியது.

எம்.பி.யின் கடிதம் கேட்டு வரும் இளைஞர்களிடம் நாம் சொல்வதும் இதைத்தான். கட்சிப் பட்டியலில் கிடைக்கும் நியமனம் உங்கள் ஊரின் உண்மையான கோரிக்கையையே அசிங்கமாக்கிவிடும். 2020இல் 50,000க்கும் அதிகமான பட்டதாரிகள் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டபோது மகிழ்ந்தோம். பிறகு பலர் மேசையும் வேலையும் இல்லாமல் அலுவலகங்களில் அமர்ந்திருந்ததையும் பார்த்தோம். வேலை கொடுப்பது வேறு, தேவையான இடத்துக்கு ஆள் கொடுப்பது வேறு.

சட்டத்தில் ஒரு தடையும் இருக்கிறது. அரசியலமைப்பின் 12(2)ஆவது உறுப்புரை பிறந்த இடத்தைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 12(4) பெண்கள், பிள்ளைகள், இயலாதவர்கள் ஆகியோருக்கு விசேட ஏற்பாடு செய்ய இடமளிக்கிறது. பின்தங்கிய பிரதேசம் என்ற சொல் அதில் இல்லை. அதனால் நாளை ஒரு நல்ல சுற்றறிக்கை வந்தாலும் யாராவது நீதிமன்றம் போனால் அது நிற்குமா என்பது சந்தேகமே. புதிய அரசியலமைப்பு வரும் என்று 2024 தேர்தலில் வாக்குறுதி கொடுத்துத்தான் இன்றைய அரசு ஆட்சிக்கு வந்தது. எமது கட்சிகளும் சிவில் அமைப்புகளும் 12(4)இல் சேர்க்க வேண்டிய அந்த ஒரு சொல்லை இப்போதே எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும். அதில் மகாஓயாவின், படுவான்கரையின் கையொப்பங்களையும் வாங்கி வைத்தால் மறுப்பது யாருக்கும் இலகுவாக இருக்காது.