அரைப் பேர்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் கூலிக்குப் 'பேர்' என்று பெயர். காலையில் பிரட்டுக்கு வந்து, மலையேறி, குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். பல தோட்டங்களில் அந்த நிறை 18 கிலோ. மழை கொட்டினாலும், வெயிலில் மலை காய்ந்து கொழுந்து குறைந்தாலும், குறித்த கிலோ வராவிட்டால் 'அரைப் பேர்'தான். நாள் முழுவதும் சரிவில் நின்றவளுக்கு அரை நாள் கூலி. மனிதரின் பெயரில் பாதியை வெட்டிக்கொள்ளலாம் என்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லும் வேறொரு கணக்கேட்டை நான் அறியேன்.

இந்தச் சொல்லை இங்கே எடுப்பதற்குக் காரணம் ஒரு பாட்டு. 2021 மார்ச் 7 அன்று வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி'. உலகத் தமிழர்களில் அதைக் கேட்காதவர் குறைவு. திருமண மண்டபத்தில் அதற்கு ஆடியவர்களும், பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகளை ஆட வைத்தவர்களும் நம்மில் ஏராளம். அந்தப் பாட்டை ஒட்டி எழுந்த பெயர்த் தகராறு, 'கலைஞர்களின் அகந்தைச் சண்டை' என்ற ஒற்றை வரியில் இன்று மூடப்பட்டுவிட்டது. அந்த வரியோடு எனக்கு உடன்பாடில்லை. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குரல் எங்கிருந்து புறப்பட்டது என்று பார்க்க வேண்டும். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் பத்தொன்பது கலைஞர்கள் மேடையேறினார்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அது. பெயரின் வேர் அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற அடையாளத்தில் இருக்கிறது. வடசென்னையின் சாவு வீட்டில் வளர்ந்த கானா, பறை, சட்டி, அவற்றோடு மின்கிதார், மேலைநாட்டு டிரம்ஸ், ராப். இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் கிதார் உறும உறுமப் பாடினார்கள். குழுவின் பெண் குரலான இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அரக்கோணத்துக்காரரான அறிவு அந்தக் குழுவின் ராப் குரல்களில் ஒருவர்.

அப்போது 'இது இசையா, இரைச்சலா?' என்று கேட்டவர்கள் உண்டு. 'அமெரிக்கக் கறுப்பரிடம் கடன் வாங்கியது' என்றவர்களும் உண்டு. கடன் வாங்கியதுதான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கிதாரின் மெட்டல் உறுமலையும் ராப்பின் சொல்லடியையும் இணைப்பது அமெரிக்காவிலேயே தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் பெரிதாக எழுந்தது. பப்ளிக் எனிமியும் ஆந்த்ராக்ஸும் 1991இல் கைகோத்தார்கள். 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்' குழுவின் முதல் தொகுப்பு 1992இல் வந்தது. 1963இல் சைகோன் தெருவில் தீக்குளித்த பௌத்தத் துறவியின் படம் அதன் அட்டை. அதே தொகுப்பை விற்றது சோனியின் நிறுவனம் என்பதையும் மறக்க வேண்டாம். எதிர்ப்புக் குரலையும் நிறுவனம் விற்கும். விற்பதற்குத் தடையாக இருக்கும் பகுதியை மட்டும் மெல்ல நறுக்கிவிடும். நம் கதையில் நறுக்கப்பட்டது எது என்பதுதான் என் கேள்வி.

'எஞ்சாமி' என்பது 'என் சாமி'. பாட்டி தன்னை அழைக்கும் சொல் அது என்றும், பாட்டு அவர் வாழ்விலிருந்து பிறந்தது என்றும் அறிவு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, ஒப்பந்தத்தின் பேரில் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டவர்.

எந்த ஒப்பந்தம்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் சரிபாதியாகப் பிரித்து, ஆளுக்கு 75,000 என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த மக்களைக் கேட்டு எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் அல்ல இவை. அரைப் பேர் போடும் வழக்கம் தோட்டத்து அலுவலகத்தில் மட்டும் இருந்தது என்று எண்ணியவர்கள் இந்த எண்களை இன்னொரு முறை படிக்கலாம்.

இப்போது பாட்டுக்கு வருவோம். பிரெஞ்சு இசைக் கலைஞர் டிஜே ஸ்னேக் செய்த மறுகலவையின் விளம்பரம் 2021இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஒளிர்ந்தது. அதில் அறிவின் பெயர் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் பாடகி தீயும், 'நீயே ஒளி' பாடிய ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். ஒரு பாட்டை எழுதிப் பாடியவரும் மற்றதை எழுதியவருமான அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்து, கூச்சல் எழுந்த பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமரும் முதல்வரும் அமர்ந்திருந்த மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தது; அறிவு அங்கே இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் தரப்பட்டது. விளக்கத்தை ஏற்கிறேன். ஒரு முறை தற்செயல், இரண்டாம் முறை கவனக்குறைவு. மூன்றாம் முறையும் அதே ஆள் விடுபட்டால், என் தொழிலில் அதற்கு 'போக்கு' என்று பெயர்.

எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

'பாட்டு கூட்டு முயற்சி' என்கிறார்கள். உண்மை. சந்தோஷ் நாராயணனின் இசையும் தீயின் குரலும் இல்லாமல் அந்தப் பாட்டு இந்த வடிவில் இல்லை. இசையமைத்ததில் யார் பங்கு எவ்வளவு என்பதில் அறிவும் சந்தோஷும் 2022இல் வெவ்வேறு விதமாகப் பேசினார்கள். அந்த வழக்குக்கு நான் நீதிபதி அல்ல. ஆனால் கூட்டு முயற்சி என்றால் எல்லாப் பெயரும் இருக்க வேண்டும். கூட்டின் பேரைச் சொல்லி ஒருவர் பெயரை மட்டும் விடுவது எந்த ஊர்க் கூட்டு?

'அது பழைய ஒப்பாரி மரபு. யாருக்கும் சொந்தமில்லை' என்பது இரண்டாவது வாதம். என்னை உண்மையில் கோபப்படுத்துவது இதுதான். பாட்டியிடமிருந்து வரும்போது அது பொதுச் சொத்து. நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்ததும் காப்புரிமைக்கு உட்பட்ட தனிச் சொத்து. இடையில் என்ன நடந்தது? மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்துக் காப்பாற்றினார். அந்தப் பாடல்களில் கங்காணி வருகிறான், துரை வருகிறான். கட்டிய பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. 'நாட்டார் பாடல்' என்று மரியாதையாகச் சொல்கிறோம். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள ஆளில்லை என்பதே அதன் பொருள்.

பெயர் தெரிந்தவர்களையாவது நினைவில் வைத்தோமா? தஞ்சையிலிருந்து போய் ஹட்டனில் தொழிற்சங்கம் கட்டிய பத்திரிகையாளர் கோ. நடேசய்யரைச் சிலராவது அறிவார்கள். கூட்டம் சேர்வதற்காகத் தெருவில் நின்று பாடிய அவர் மனைவி மீனாட்சியம்மாளை எத்தனை பேர் அறிவார்கள்? மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் இந்தியத் தொழிலாளரின் துயரத்தை வைத்துக் கட்டி, 1940இல் அச்சிட்டும் கொடுத்தார். புழங்கும் மெட்டை எடுத்து அதில் எதிர்ப்பைப் பொதிவது வேறெங்கோ பிறந்து நம்மிடம் வந்ததல்ல. ராப்பைப் பார்த்து 'அந்நியம்' என்று முகம் சுளிப்பவர்கள் அவரைப் படிக்கட்டும்.

'பெயரில் என்ன இருக்கிறது, பணம் போய்ச் சேர்ந்தால் போதாதா?' என்பது மூன்றாவது வாதம். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே முன்வந்து, அந்தப் பாட்டிலிருந்து தங்களில் எவருக்கும் ஒரு காசு வரவில்லை என்று சொன்னார். வெளியிட்ட நிறுவனத்துக்கும் அவர்களுக்கும் உள்ள கணக்கை நான் தீர்க்க முடியாது. ஆனால் ஒன்று புரிகிறது. பெயர் போன வழியில்தான் கூலியும் போகும். செக்ரோலில் பெயர் விழாதவள் சம்பள நாளில் எதைக் காட்டிக் கேட்பாள்?

நான் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செய்தித்தாள்களில் கழித்தவன். 'நமது நிருபர்' என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் எத்தனை பேருடைய அலைச்சல் புதைந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பெயர் போடாதது வழக்கம் என்பார்கள். அந்த வழக்கம் ஆசிரியரின் பெயரைத் தொட்டதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

இதில் தமிழகத்தாரும் புலம்பெயர்ந்தோரும் கைகழுவிவிட முடியாது. அந்தப் பாட்டை நாம் 'இயற்கைப் பாட்டு' ஆக்கிக்கொண்டோம். மரம், செடி, பறவை போதும். நாடற்றவர்களின் கதை வேண்டாம். அதே 2021 மார்ச்சில்தான், ஆண்டுக்கணக்காகப் போராடிய பிறகு, தோட்டத் தொழிலாளரின் நாள் கூலி ஆயிரம் ரூபாய் என்று இலங்கை அரசு வர்த்தமானியில் அறிவித்தது. பாட்டைப் பகிர்ந்த கோடிக்கணக்கான கைகளில் அந்தச் செய்தியைப் பகிர்ந்தவை எத்தனை? 2023இல், மலையகத்துக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்த மக்கள் நடந்தார்கள். முன்னோர் காடு கடந்து, வழியில் செத்து விழுந்த பாதை அது. நம் ஊடகங்களில் அந்த நடைக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அறிவு தன் வழியில் பதில் சொல்லிவிட்டார். 2024இல் அவர் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பு 'வள்ளியம்மா பேராண்டி'. இனி அந்தப் பாடல்களை யார் எந்த மேடையில் அறிவித்தாலும் முதலில் கொழுந்து கிள்ளிய அந்தக் கிழவியின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெயரைப் பறிகொடுக்காமல் இருக்க இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தோன்றவில்லை.

நம்மிடம் நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை விழாவில் 'எஞ்சாய் எஞ்சாமி' போடும்போது, அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் என்று மூன்று பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அது தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்களின் பாட்டு என்று ஒரு வாக்கியமும் சேருங்கள். அரை நிமிடம் ஆகும். அதற்குக் கூட நேரமில்லை என்றால், நாமும் அரைப் பேர் போடும் கணக்கப்பிள்ளைகள்தான்.