பூட்டு வியாபாரமும் நம் பெயர்ப்பட்டியலும்

கணினிப் பாதுகாப்புத் தொழிலைப் பற்றிக் கொழும்பின் ஆங்கில வர்த்தகப் பக்கங்கள் பாடும் பல்லவி ஒன்றேயாகும். களவு பெருகுகிறது, ஆகவே காவல் பெருகும், ஆகவே காவலில் முதலிடுவோர் இலாபம் பெறுவர், ஆகவே நாடும் நம் இளைஞரும் உய்வர் என்பது அப்பல்லவி. ஹோட்டல் மண்டபங்களில் நடைபெறும் மகாநாடுகளிலும் இதே பாட்டுத்தான். முதல் இரண்டு 'ஆகவே'க்களை நாம் மறுக்கவில்லை. மூன்றாவது 'ஆகவே' எங்கிருந்து வந்து புகுந்தது என்பதே நமது கேள்வி.

பணம் எங்கே போகிறது என்று முதலிற் பார்ப்போம். இஸ்ரேலிய இராணுவ உளவுத்துறையில் பயிற்சி பெற்ற நால்வர் 2020இல் 'விஸ்' என்றொரு கம்பனியைத் தொடங்கினர். பெரு நிறுவனங்கள் தம் தரவுகளைப் பிறரது கணினிகளில் வாடகைக்கு வைத்திருக்கும்போது, அங்கே எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று கண்டு சொல்வது அதன் தொழில். 2024இல் கூகிள் 2,300 கோடி டொலர் தர முன்வந்தபோது கம்பனி மறுத்துவிட்டது. 2025 மார்ச்சில் 3,200 கோடி டொலருக்குப் பேரம் படிந்தது. இந்தத் தொகையின் பருமனை நாம் உணர வேண்டுமானால் நம் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட வழியற்று நின்ற இலங்கைக்கு, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்காண்டுத் தவணைகளில் தர ஒப்புக்கொண்டது ஏறத்தாழ 300 கோடி டொலர். அதற்காக நாம் ஏற்ற நிபந்தனைகள் எத்தனை! மின்கட்டணம் ஏறியது, 2024 ஜனவரியில் வற் வரி நூற்றுக்குப் பதினெட்டாயிற்று. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வயிற்றைக் கட்டிப் பெறும் தொகையைப் போலப் பத்து மடங்குக்கும் மேலானது, ஐந்து வயது நிரம்பிய ஒரு பூட்டுக் கம்பனியின் விலை.

இன்னொரு வகை வியாபாரமும் உண்டு. அமெரிக்காவின் 'தோமா பிராவோ' என்னும் முதலீட்டு நிறுவனம் 2021இல் 'புரூப்பொயின்ற்' கம்பனியை 1,230 கோடி டொலருக்கும், 2022இல் 'செயில்பொயின்ற்' கம்பனியை 690 கோடி டொலருக்கும், 2024இல் பிரித்தானியாவின் 'டார்க்ட்ரேஸ்' கம்பனியை ஏறத்தாழ 530 கோடி டொலருக்கும் வாங்கிற்று. மூன்றும் பாதுகாப்புக் கம்பனிகளே. இத்தகைய நிறுவனங்கள் பங்குச் சந்தையிலிருந்து ஒரு கம்பனியை முழுதாக விலைக்கு எடுக்கின்றன; கடன் வாங்கி அக்கடனில் ஒரு பங்கைக் கம்பனியின் தலையிலேயே கட்டுகின்றன; சில ஆண்டுகள் செலவைக் குறைத்துச் சந்தாவை உயர்த்தி மீண்டும் சந்தைக்குக் கொண்டு வருகின்றன. செயில்பொயின்ற் 2025 பெப்ரவரியில் அவ்வாறே பங்குச் சந்தைக்குத் திரும்பிற்று. இதில் எந்த இடத்திலாவது ஒரு கிராமிய வைத்தியசாலையின் கணினி நேற்றிலும் இன்று பத்திரமாயிற்றா என்று கேட்டால், அக்கேள்வி கணக்கேட்டுக்கு வெளியே நிற்கிறது.

பிற தொழில்களில் இல்லாத ஒரு விசித்திரமும் இதிலுண்டு. சவர்க்காரம் விற்பவன் அழுக்கை உற்பத்தி செய்வதில்லை. ஆனால் இங்கே காவலும் களவும் ஒரே பட்டறையில் வடிக்கப்படுவதுண்டு. 2017 மே மாதத்தில் 'வன்னாகிரை' என்ற கப்பம் கேட்கும் நிரல் பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளை முடக்கியபோது, அது நுழைந்த வழி அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகம் கண்டறிந்து, தன் உளவு வேலைக்காகப் பல காலம் ஒளித்து வைத்திருந்த ஓட்டை. ஆயுதம் கிடங்கிலிருந்து களவு போயிற்று. சத்திர சிகிச்சைக்குக் காத்திருந்த நோயாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். பாதுகாப்புக் கம்பனிகளின் பங்கு விலையோ ஏறிற்று. காவலனே தவறினால் என்ன? 2024 ஜூலை 19ஆம் திகதி 'கிரவுட்ஸ்ட்ரைக்' கம்பனி அனுப்பிய பிழையான ஒரு திருத்தத்தால் உலகெங்கும் 85 இலட்சம் கணினிகள் விழுந்தன, விமானங்கள் நின்றன. எந்தத் திருடனும் அன்று வரவில்லை. அக்கம்பனியின் பங்கு விலை ஓராண்டு முடியுமுன்பே பழைய உயரத்தைத் தாண்டிற்று.

கொழும்பு இச்சந்தையின் ஓரத்தில் கிடக்கும் ஊர்தானே என்று எண்ண வேண்டாம். 2016 பெப்ரவரியில், பங்களாதேஷ் மத்திய வங்கி நியூயோர்க்கில் வைத்திருந்த கணக்கிலிருந்து, வங்கிகளுக்கிடையே செய்தி செல்லும் வழியைக் கைப்பற்றிய திருடர்கள் ஏறத்தாழ 95 கோடி டொலரை எடுக்க முயன்றனர். ஆடைத் தொழிற்சாலைகளில் முதுகு வளைந்த பெண்களும் வளைகுடா நாடுகளில் வெயிலில் வெந்த ஆண்களும் தேடிக் கொடுத்த டொலர்கள் அவை. 8 கோடியே 10 இலட்சம் மணிலாவுக்குப் போய், பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளிற் கரைந்தது. 2 கோடி டொலர் கொழும்பிலுள்ள ஒரு தனியார் வங்கிக்கு, ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. இத்துணைப் பெரிய தொகை இச்சிறு நிறுவனத்துக்கு ஏன் என்று வங்கி ஊழியர் ஐயுற்றனர். இடையில் நின்ற ஜேர்மன் வங்கியில் 'பவுண்டேஷன்' என்ற சொல்லின் எழுத்துப்பிழை கண்ணிற் பட்டது. பணம் திரும்பிப் போயிற்று. கோடிக்கணக்கில் விலை பேசப்படும் எந்த நிரலும் அதைப் பிடிக்கவில்லை. மாதச் சம்பளத்துக்கு மேசையில் இருந்த மனிதரின் கவனமே பிடித்தது. (எழுத்துப்பிழையைத் திருத்துவதால் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு ஆசிரியர்கள் இக்கதையைச் சொல்லலாம்.) அப்பக்கத்தில், பங்களாதேஷ் மத்திய வங்கியின் வலையமைப்பில் தீச்சுவர் இருக்கவில்லை என்றும், பத்து டொலர் பெறுமதியான பழைய இணைப்புக் கருவிகளே இருந்தன என்றும் அந்நாட்டுப் பொலிஸ் புலனாய்வாளர் தெரிவித்தார். பூட்டுச் சந்தையில் ஏழை நாட்டுக்கு வாய்த்த பூட்டு அது.

நமக்கு வாய்த்தது எது? 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்க முகில் எனப்படும் பொதுச் சேமிப்பகம் கப்ப நிரலாலே தாக்குண்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்று வரையிலான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமற் போயின; அக்காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லை. ஒரு நாட்டின் நிர்வாகம் தன் மூன்று மாத நினைவை இழந்தது. பயன்பாட்டில் இருந்ததோ மைக்ரோசொப்ட்டின் 2013ஆம் ஆண்டு மென்பொருள். அதற்கான ஆதரவைக் கம்பனி 2023 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. 2021 முதலே புதுப்பிக்க எண்ணியிருந்ததாகவும் நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய சபையின் சில தீர்மானங்களாலும் தாமதமாயிற்று என்றும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கம் அளித்தது.

நிதிப் பற்றாக்குறை என்ற சொல்லை நாம் பொய்யென்று சொல்லவில்லை. மெய்யாகவே பணம் இருக்கவில்லை. ஆனால் அச்சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறதே, அதைத்தான் ஏற்க முடியாது. பொதுச் செலவைக் குறைத்தலே புத்திசாலித்தனம் என்று போதிப்பவர்கள், குறைக்கப்பட்ட அச்செலவில் பொதுமக்களின் பூட்டும் அடங்கியிருந்ததை ஏன் சொல்வதில்லை? ஒரு கம்பனி பத்தாண்டுப் பழைய மென்பொருளைக் கைவிடும் நாளைத் தானே குறிக்கிறது. புதியதை வாங்கும் பணத்தை நாடு தேட வேண்டியிருக்கிறது. தேட முடியாத நாட்டின் கதவு திறந்தே கிடக்கிறது. இது விபத்தென்றால் நாள் குறித்து வந்த விபத்து.

இவ்விடத்தில் 'இதெல்லாம் கணினிக்காரர் விவகாரம், நமக்கென்ன?' என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழர் கேட்கக் கூடாத கேள்வி அது. பெயர்ப்பட்டியல் என்றால் என்ன என்பதைக் கணினி வருமுன்னரே அறிந்தவர்கள் நாம். 1983 ஜூலையில் காடையர் கூட்டம் எந்த வீடு தமிழர் வீடு என்று தேடித் திரியவில்லை. வாக்காளர் இடாப்பு அவர்கள் கையில் இருந்தது. வாக்குரிமைக்காக எழுதப்பட்ட பெயர் தீயிடுவதற்கு வழிகாட்டிற்று. பின்னர் யுத்த காலத்தில், குடும்பத்தில் யார் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எதற்காகத் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸ் படிவங்கள் வீடு வீடாக நிரப்பப்பட்டன. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பை விட்டு அகற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2008 செப்தெம்பரில், ஐந்தாண்டுகளுக்குள் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் எல்லாரும் பதிய வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. இவை அனைத்தும் 'பாதுகாப்பு' என்ற சொல்லின் பேராலேயே நடந்தன.

ஆகையால் பாதுகாப்பு என்று எவர் வாயெடுத்தாலும் யாரிடமிருந்து யாரைக் காப்பது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. நமது பெயர், தொழில், நோய், கடன், பிள்ளையின் பாடசாலை ஆகியன இன்று கடதாசியில் இல்லை. இனி விரல்ரேகையும் கருவிழியும் முகமும் சேரப் போகின்றன. இந்திய அரசின் மானியத்தோடு தொடங்கப்பட்ட தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் அதற்காகவே. அத்திட்டத்துக்கு இந்தியா 45 கோடி இந்திய ரூபாவை முற்பணமாகக் கையளித்தது 2023 ஓகஸ்ட் மாதத்தில். அரச மின்னஞ்சல் சூறையாடப்பட்டதும் அதே மாதத்தில். இருந்த பெட்டிக்கே பூட்டில்லாத வீட்டுக்குள் இன்னும் பெரிய பெட்டி கொண்டுவரப்படுகிறது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல்ரேகை களவு போனால் எந்தக் கடையில் புதிய விரல் வாங்குவது?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கத்தான் செய்கிறது. நம் விவரங்களைச் சேர்ப்பவர்கள் மீது கடமைகளைச் சுமத்தும் அச்சட்டத்தின் பிரதான பகுதிகள் 2025 மார்ச் 18ஆம் திகதி அமுலுக்கு வரவிருந்தன. மூன்றாண்டு காத்திருந்த பின்னர் அந்நாளும் ஒத்திவைக்கப்பட்டது. ஆயத்தம் போதாது என்பது காரணம். இப்போது மற்றச் சட்டத்தைப் பாருங்கள். அரச மின்னஞ்சல் தொலைந்ததற்கு மறுமாதம், 2023 செப்தெம்பரில், நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் வெளிவந்தது. 2024 ஜனவரி 24ஆம் திகதி 108 வாக்குகளால் நிறைவேறிற்று; பெப்ரவரி முதலாம் திகதி சட்டமாயிற்று. இணையத்தில் குடிமகன் எதைப் பேசலாம் என்பதை ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கும் சட்டம் அது. நம் விவரத்தை வைத்திருப்பவனைக் கட்டுப்படுத்த மூன்றாண்டும் போதவில்லை. நம் வாயைக் கட்டுப்படுத்த ஐந்து மாதமும் தேவைப்படவில்லை. ஆயத்தம் என்பது எங்கிருந்து பிறக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் எழுதிக் காட்ட முடியாது.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையன்று. இத்தொழில் நம் பிள்ளைகளுக்கு வேலை தருகிறது என்கிறார்கள். உண்மையே. பல்கலைக்கழகத்திலும் தனியார் கல்லூரிகளிலும் கணினிப் பாதுகாப்புப் படித்து, காலி வீதியின் ஏதோ ஒரு மாடியில் இரவு முழுதும் விழித்திருந்து, ஐரோப்பிய வங்கியின் வாசலையோ அவுஸ்திரேலியக் கடையின் வாசலையோ காவல் செய்யும் இளைஞர் பலர். அவர்கள் திறமையில் நமக்குப் பெருமையுண்டு. 2005இல் கொழும்பில் தொடங்கி, இணையத்தில் ஒருவர் யாரென்று உறுதிசெய்யும் மென்பொருளை உலகெங்கும் விற்ற 'டபிள்யூ.எஸ்.ஓ.2' கம்பனியை 2024இல் சுவீடனின் 'ஈ.கியூ.ரி.' முதலீட்டு நிறுவனம் 60 கோடி டொலருக்கும் மேலான மதிப்பில் வாங்க முன்வந்தது. அறிவு இம்மண்ணில் இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. அப்படியானால் அந்த அறிவு இருந்த அதே நகரத்தில் அமைச்சரவையின் கடிதங்கள் ஏன் காவலின்றிக் கிடந்தன? கூலி கொடுப்பவன் வாசலில் மட்டுமே காவலன் நிற்பான் என்ற சந்தை விதிதான் விடை. அந்த இளைஞரைக் குறை கூறி என்ன பயன்? அரசாங்கம் கொடுக்கும் சம்பளத்தில் வெள்ளவத்தையில் ஓர் அறைக்கு வாடகை கட்ட முடியாதே.

நாம் கேட்பது பெரிய மாயமன்று. குடிநீரைச் சுத்திகரிப்பதும் கொள்ளை நோய்க்குத் தடுப்பூசி ஏற்றுவதும் எப்படிப் பொது வேலையோ, அப்படியே இதுவும் பொது வேலையாக வேண்டும். 2006இல் தோன்றிய நமது கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவுக்குத் தகுதியான ஆட்களையும் தகுந்த ஊதியத்தையும் வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக ஒதுக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கும் கம்பனிப் பூட்டுக்கு அடிமையாகாமல், திறந்த மூல நிரல்களை நம் பல்கலைக்கழகங்களே பராமரிக்கும் வழி காண வேண்டும். தரவு களவு போனால் உரியவருக்கு அவரது மொழியிலே, தமிழிலும் சிங்களத்திலும், அறிவிக்கும் கடமை ஒத்திவைப்பின்றி அமுலாக வேண்டும்.

இவ்விதழை வாசிக்கும் ஆசிரியர்களுக்குக் காரியம் இன்னும் அருகிலேயே இருக்கிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்று இலக்கம், பெற்றோரின் அடையாள அட்டை இலக்கம், தொழில், தொலைபேசி ஆகியவற்றை அட்டவணையாக நிரப்பி இன்றைக்கே அனுப்பு என்று மேலிருந்து செய்தி வரும்போது, நம்மிற் பலர் அதை வட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிடுகிறோம். அடுத்த முறை அக்கட்டளை வரும்போது இவ்விவரம் எங்கே வைக்கப்படும், யார் பார்ப்பார், எப்போது அழிக்கப்படும், களவு போனால் பொறுப்பாளி யார் என்ற நான்கு கேள்விகளை எழுத்திற் கேளுங்கள். விடை எழுத்தில் வரும்வரை படிவத்தை அனுப்ப வேண்டாமென ஆசிரியர் சங்கங்கள் தத்தம் கிளைகளுக்கு அறிவிக்கட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் நம் கையில் இருக்கிறது; கேட்கப்படும் விடைக்கு அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்லியாக வேண்டும்.