கச்சேரி வளவில் ஒரு நினைவுச்சின்னம்

லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் கல் இருக்கையை இன்றும் பேணிவருகிறார்கள். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்த தமிழ்த் தொழிலாளர்களையோ புதைத்த இடம்கூடத் தெரியாது. அவர்களுக்கான நினைவுச்சின்னம் நுவரெலியா கச்சேரி வளவில், அரசாங்கக் காணியில், அரசாங்கச் செலவிலேயே எழ வேண்டும். கொழும்பில் பழைய பாராளுமன்ற வளவில் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானின் சிலை இருக்கிறதே என்பார்கள். அது தலைவருக்குச் செய்த மரியாதை. கொழுந்துக்கூடை சுமந்தவர்களுக்கு உரியது இன்னும் பாக்கி. லயத்தின் ஒழுகும் தகரக் கூரையை மாற்றாமல் சின்னம் எதற்கு என்ற கேள்வியில் நியாயம் உண்டு. காணியும் வீடும் கட்டாயம் வேண்டும். ஆனால் 1948இல் சட்டம் போட்டு இம்மக்களை நாடற்றவர்களாக்கியது அரசு. 2003இல் மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தந்ததும் அதே அரசு. செய்தது அநீதி என்று தன் வளவிலேயே, மும்மொழியிலும், கல்லில் வெட்டி வைக்கும் கடமை வீடு கட்டிக் கொடுப்பதால் தீர்ந்துவிடாது.