ஆற்றங்கரையும் எமது வகுப்பறையே



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை, ஏழாம் வகுப்பில் ஐவகை நிலங்களைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். குறிஞ்சி என்பது மலையும் மலை சார்ந்த இடமும், முல்லை என்பது காடும் காடு சார்ந்த இடமும் எனக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது ஒரு மாணவி கையை உயர்த்தினாள். "சேர், இந்தக் குறிஞ்சி நிலம் இலங்கையிலா இருக்கிறது, இந்தியாவிலா இருக்கிறது?" என்று கேட்டாள். யன்னலுக்கு வெளியே பனி மூடிய அல்ப்ஸ் மலைத்தொடர் தெளிவாகத் தெரிந்த நாள் அது. வகுப்பில் எவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கற்பித்துக்கொண்டிருந்த நாமும் திரும்பவில்லை.

அந்தக் கேள்வி பல நாட்களாக எம்மை உறுத்தியது. மாணவி கேட்டதில் பிழை எதுவும் இல்லை. பிழை எம்முடையது. தமிழ் என்பது எங்கோ தொலைவில் உள்ள நிலத்தின் மொழி, கண்முன்னே தெரியும் மலைக்கும் ஆற்றுக்கும் யேர்மன் மொழியே பொருந்தும் என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் மனதில் விதைத்தவர்கள் நாமே. மாரி காலத்தில் நான்கு சுவர்களுக்குள் கற்பிக்கின்றோம். கோடை வந்தாலும் அதே சுவர்களுக்குள்தான் கற்பிக்கின்றோம். இப்படிக் கற்ற பிள்ளை பரீட்சையில் சித்தியடையும். ஆனால் ஆற்றங்கரையில் நின்று தன் தம்பியுடன் இரண்டு வார்த்தை தமிழில் பேச அதற்கு வராது.

எனவே, ஆண்டில் நான்கு வகுப்பு நாட்களையேனும் எமது பள்ளி ஆரே ஆற்றின் கரையில் நடத்த வேண்டும் என்பதும், அந்நாட்களில் பெற்றோரும் உடன் வரவேண்டும் என்பதும் எமது கருத்தாகும். இதனை இம்மலரின் வாயிலாக உங்கள் முன் வைக்கின்றோம்.

ஆரே, முழுமையாகச் சுவிற்சர்லாந்துக்குள்ளேயே ஓடும் ஆறுகளில் மிக நீளமானது. கிறிம்சல் கணவாய்க்கு அருகிலுள்ள பனியாறுகளில் பிறந்து, ஏறக்குறைய 290 கிலோமீற்றர் ஓடி, கொப்லென்ஸ் என்னும் சிற்றூரில் றைன் நதியுடன் கலக்கின்றது. இந்நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட இடத்தின் நீர் இதன் வழியாகவே வடிகின்றது. எமது குடும்பங்களிற் பல இவ்வாற்றங்கரை ஊர்களிலேயே வாழ்கின்றன. நாள்தோறும் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்கின்றோம். ஆயினும் பாலத்தின் கீழே இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நாம் வன்னி மண்ணில் வளர்ந்தவர்கள். மாரியில் கனகராயன் ஆறு பெருகி இரணைமடுக் குளத்தை நிரப்பும் காட்சியைக் கண்டு, அதனைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாடம் நடத்திய ஆசிரியராகவும் இருந்தோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த நண்பர்களோ, மழை காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர வேறு ஆறு தமது ஊரில் இல்லை என்பார்கள். 2009 இன் பின்னர் அகதியாக இந்நாட்டுக்கு வந்து, விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில் எம்மிடம் வேலை இல்லை, மொழி இல்லை, கையில் பணமும் இல்லை. நடப்பதற்குப் பணம் தேவையில்லை என்பதால் ஆரே ஆற்றங்கரையில் நடந்தோம். பாதையோரம் நின்ற மஞ்சள் நிற வழிகாட்டிப் பலகைகளே எமது முதலாவது யேர்மன் பாடநூல். ஊரின் பெயரும், அங்கு நடந்து சேர எடுக்கும் நேரமும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். எங்கே போகின்றோம் என்று தெரியாதிருந்த அந்நாட்களில், இன்ன இடத்துக்கு ஒரு மணி இருபது நிமிடம் என்று உறுதியாகச் சொன்னவை அவை மட்டுமே.

அந்த மஞ்சள் பலகைகளின் வரலாற்றைப் பின்னர் அறிந்தபோது மகிழ்ந்தோம். மோட்டார் வண்டிகள் பெருகி, நடப்பவர்களுக்கு வீதியில் இடமில்லாமற் போன 1930களில், யோகான் யாக்கோப் எஸ் என்னும் பாடசாலை ஆசிரியர் முன்னின்று உழைத்ததால் 1934 இல் நாடளாவிய நடைபாதைச் சங்கம் உருவாயிற்று. இன்று இந்நாட்டின் நடைபாதைகள் ஏறக்குறைய 65,000 கிலோமீற்றர் நீளமுடையவை. ஓர் ஆசிரியர் தொடங்கிய பணி இது. ஆகவே பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வது ஆசிரியரின் வேலையன்று என எவரும் எம்மிடம் கூறவேண்டாம்.

இனி, ஆற்றோடு சேர்ந்து நடந்து பார்ப்போம்.

முதலாவது, குறிஞ்சி. மைரிங்கனுக்கு அருகில் ஆரே ஆறு சுண்ணக்கற்பாறையை அறுத்துக்கொண்டு ஏறக்குறைய 1.4 கிலோமீற்றர் தூரம் செல்கின்றது. சில இடங்களில் இரு பாறைகளுக்கும் இடையே ஒரு மீற்றர் அளவே இடைவெளி. 1888 முதல் மக்கள் அதனூடே மரப்பாதையில் நடந்து வருகின்றனர். நீரின் வலிமையைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவதிலும் அங்கே பத்து நிமிடம் நிற்பது மேல். அருகிலுள்ள றைகன்பாக் நீர்வீழ்ச்சியில்தான் சேர்லொக் கோம்ஸ் விழுந்து இறந்ததாக 1893 இல் வெளிவந்த கதை கூறும். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு அது இனிக்கும். ஆற்றின் பிறப்பிடமான பனியாறுகள் ஆண்டுதோறும் சுருங்கி வருகின்றன என்பதையும் அங்கேயே சொல்லவேண்டும். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிற்சர்லாந்தின் பனியாறுகள் தமது பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் பாலையாகும் என்று நாம் கற்பிப்பதன் பொருளைப் பிள்ளைகள் அங்கே தாமாகவே உணர்வார்கள்.

இரண்டாவது, முல்லை. தூண் நகரின் கோட்டையைப் பார்த்துவிட்டு, பேர்ண் நோக்கிச் செல்லும் ஆற்றோரப் பாதையில் இயன்ற தூரம் நடக்கலாம். காடும் மேய்ச்சல் நிலமும் மாறிமாறி வரும். மணி கட்டிய பசுக்களைக் கண்டால் ஆயர் வாழ்வை விளக்கப் படம் தேவையில்லை.

மூன்றாவது, மருதம். ஆர்பேர்க் என்னும் சிறு நகரில் 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட, கூரை வேய்ந்த மரப்பாலம் இன்றும் நிற்கின்றது. அதைச் சூழ்ந்த சமவெளி முழுவதும் மரக்கறித் தோட்டங்களும், சீனி எடுக்கும் கிழங்கு விளையும் வயல்களுமாகும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அது வெள்ளமும் காய்ச்சலும் மலிந்த சதுப்பு நிலம். யோகான் றூடோல்வ் சினைடர் என்னும் மருத்துவர் பல்லாண்டு காலம் வாதாடியதன் பயனாக, 1868 இல் தொடங்கி 1891 வரை பெரும் நீர்த் திருத்தப் பணிகள் நடைபெற்றன. ஆரே ஆறு ஹாக்னெக் கால்வாய் வழியாகப் பீல் ஏரிக்குள் திருப்பி விடப்பட்டது. ஆறு முன்னர் ஓடிய தடம் பழைய ஆரே என்ற பெயருடன் அமைதியாகக் கிடக்கின்றது. குளம் கட்டி வாழ்ந்த இனத்தின் பிள்ளைகள் இதனைக் கண்டு வியக்காதிருப்பார்களா?

அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஆற்றங்கரையில் உள்ளது பூரன் நகரம். அழகான அந்த ஊரைப் பார்க்க வருவோரிற் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. 1940 இல், பிரான்சில் போரிட்டுத் தோல்வியுற்ற போலந்துப் படைவீரர்கள் ஏறக்குறைய 12,000 பேர் எல்லை கடந்து சுவிற்சர்லாந்தில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுக்காகப் பூரனில் பெரியதொரு முகாம் அமைக்கப்பட்டது. முள்வேலி சூழ்ந்த அம்முகாம் 1946 வரை நீடித்தது. பின்னாளில் வேறு அகதிகளும் அங்கே தங்கவைக்கப்பட்டனர். அவ்வீரர்கள் இந்நாட்டின் பல பகுதிகளில் வீதிகளும் பாலங்களும் அமைத்தனர். போலந்தர் பாதை என்று அழைக்கப்படும் வழிகள் இன்றும் உள்ளன. இந்நாட்டுக்கு அகதியாக வந்த முதல் மக்கள் நாம் அல்லர். முள்வேலிக்குள் காத்திருந்தவர்களும் நாம் மட்டும் அல்லர். இதனை வரலாற்று நூலில் வாசிப்பதைவிட, அந்த ஊரின் ஆற்றங்கரையில் நின்று தந்தை தன் மகனுக்குத் தன் கதையையும் சேர்த்துச் சொல்வது சிறந்தது. எத்தனையோ தந்தையர் அக்கதையைச் சொல்லாமல் மனதில் பூட்டி வைத்திருப்பதை நாம் அறிவோம். வீட்டில் வராத வார்த்தைகள் நடக்கும்போது வரக்கூடும்.

கோடை காலத்தில் பீல் நகரிலிருந்து சொலத்தூண் நகருக்கு ஆற்றுவழியே கப்பல் செல்லும். சென்ற கோடையில் சில குடும்பங்களுடன் அதில் சென்றோம். வழியில் அல்ற்றொய் என்னும் சிற்றூரில் வீட்டுக் கூரைகளின் மேல் பெரிய கூடுகள் தெரிந்தன. "ஸ்ரோர்க்!" என்று பிள்ளைகள் யேர்மன் மொழியில் கூவினர். "அதுதான் செங்கால் நாரை" என்றோம். ஒரு கணம் அமைதி. பிறகு எமது மாணவன் ஒருவன், சத்திமுத்தப் புலவர் தன் மனைவிக்குத் தூது விட்ட நாரையைப் பற்றிய பாடலை, ஒரு சொல்லும் பிழையாமல் உரக்கச் சொல்லத் தொடங்கினான். பேச்சுப் போட்டியில் ஒருநாளும் பரிசு பெறாத மாணவன் அவன். பாடி முடித்ததும், "சேர், இது உண்மையான பறவையா? நான் கதைக்காக எழுதியது என்றல்லவா நினைத்தேன்" என்றான்.

சுவிற்சர்லாந்தில் செங்கால் நாரை கூடு கட்டுவது 1950 அளவில் அற்றுப் போயிருந்தது. சொலத்தூணைச் சேர்ந்த மக்ஸ் புளோஷ் என்பவர் 1948 முதல் அல்ற்றொயில் பாடுபட்டு, அல்ஜீரியாவிலிருந்து நாரைகளைக் கொணர்ந்து வளர்த்து, அவ்வினத்தை மீண்டும் இங்கே நிலைபெறச் செய்தார். அவரும் ஓர் ஆசிரியரே. வேற்று நாட்டிலிருந்து வந்த பறவைகள் இங்கே கூடு கட்டின. அவற்றின் வழித்தோன்றல்கள் இன்று இந்த ஆற்றங்கரைக்கே உரிய பறவைகள்.

எமது கருத்துக்கு மறுப்புகள் உண்டு என்பதை அறிவோம். முதலாவது, நேரம். உணவகத்திலும் துப்புரவுப் பணியிலும் ஆறு நாள் உழைத்தவருக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. அந்த ஞாயிறும் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, திருமணம் என மண்டபங்களிற் கழிகின்றது. உறவுகளைப் பேணுதல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டில் ஐம்பத்திரண்டு ஞாயிறுகளில் நான்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாதா? இரண்டாவது, செலவு. பிள்ளைகள் பெற்றோருடன் தொடருந்தில் பயணம் செய்யச் சிறு தொகைக்கு ஆண்டு அட்டை உண்டு. இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு சென்றால் உணவகச் செலவும் இல்லை. மூன்றாவது, "இது எங்கள் ஆறு அல்லவே" என்பது. எமக்கு அப்படி இருக்கலாம். இங்கே பிறந்த பிள்ளைக்கு இதுவே முதல் ஆறு. ஆரே ஆற்றைத் தமிழில் அறிந்த பிள்ளையே, நாளை கனகராயன் ஆற்றைப் பற்றி நாம் சொல்லும்போது ஆவலுடன் கேட்கும். ஆறு என்றால் என்னவென்றே தமிழில் அறியாத பிள்ளைக்கு எந்த ஆறும் அந்நியமே.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஆரே ஆறு அழகானது, ஆனால் குளிரும் வேகமும் மிக்கது. நீந்தத் தெரியாதவர்கள் அதில் இறங்கவே கூடாது. நன்கு நீந்துவோரும் தனியே இறங்கலாகாது. அணைகளுக்குக் கீழே நீர் திடீரெனப் பெருகும் என அறிவிக்கும் பலகைகளைப் பெற்றோர் கட்டாயம் வாசித்தறிய வேண்டும். ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளையும் நீச்சல் பழக அனுப்புங்கள். பாடசாலைச் சுற்றுலாவுக்கும் முகாமுக்கும் மகளை அனுப்ப மறுக்கும் பெற்றோர் இன்னும் சிலர் எம்மிடையே உள்ளனர். அவர்கள் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டுகின்றோம்.

நிறைவாக, கொப்லென்ஸ். இரு ஆறுகள் கூடுமிடம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தமிழில் நாம் கூடல் என்போமே, அதே பொருள். அங்கே ஆரே ஆறு செக்கனுக்கு ஏறக்குறைய 560 கனமீற்றர் நீரைக் கொண்டு வருகின்றது. றைன் கொண்டு வருவது ஏறக்குறைய 440 மட்டுமே. ஆயினும் கூடலுக்கு அப்பால் ஓடும் ஆற்றின் பெயர் றைன். அதிக நீரைக் கொண்டுவந்த ஆறு தன் பெயரை இழக்கின்றது.

கடந்த இலையுதிர் காலத்தில் அந்த இடத்தில் நின்றபோது எமது பிள்ளைகளையே நினைத்தோம். அவர்கள் இந்நாட்டின் பெருநீரோட்டத்தில் கலப்பார்கள். கலக்கத்தான் வேண்டும். நல்ல கல்வியும் உழைப்பும் கொண்டே கலப்பார்கள். ஆனால் எவ்வளவு நீர் கொண்டு சென்றாலும் பெயர் தானாக நிலைப்பதில்லை. மனிதர் வாயில் வழங்கினாலே அது நிலைக்கும். எமது மொழியை வழங்குவதற்கு வகுப்பறை மட்டும் போதாது.

வருகின்ற சித்திரை மாதத்தில், பனி உருகி ஆறு பெருகும் காலத்தில், முதலாவது ஆற்றங்கரை வகுப்பை நடத்த எண்ணியுள்ளோம். பெற்றோர்களே, சப்பாத்தை அணிந்துகொண்டு பிள்ளைகளின் கையைப் பிடித்து வாருங்கள். குறிஞ்சி எங்கே இருக்கிறது என்று கேட்ட அந்த மாணவிக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. அவள் வரும்போது காட்டுவோம்.