விரதம் முடிந்த மறுநாள்

பந்திங் வட்டாரத்திலிருந்து தைப்பூசத்திற்குப் பத்துமலை செல்லும் நம் அன்பர்கள், 48 நாள் கள்ளையும் சாராயத்தையும் மாமிசத்தையும் தள்ளி, தரையிற் படுத்து, 272 படிகளைக் காவடியோடு ஏறுகிறார்கள். அவர்தம் வைராக்கியத்தை நாம் பரிகசிக்க வரவில்லை. 49-ஆம் நாள் அது எங்கே போய்விடுகிறது என்பதே நமது கேள்வி.

“முருகன் தந்த பலம், விரதத்தோடு போயிற்று” என்பர் சிலர். அங்ஙனமாயின் 48 நாளும் கோப்பையைத் தள்ளிய கை யாருடைய கை? மகன் பரீட்சையில் தேறவேண்டுமென்று நேர்ந்துகொள்ளும் தகப்பனார், அவன் புத்தகத்திற்கான காசைச் சாராயக்கடையிற் கொட்டிவிட்டு, அவன் தவறினால் விதியென்கிறார். இது பக்தியா? பொறுப்பைச் சாமி தலையிற் கட்டும் தந்திரமன்றோ!

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, சீனருக்குச் சமமான கூலியும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்காத உரிமையுங் கேட்டதோடு, கள்ளுக்கடைகளை மூடவுங் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவர்களிலும் முருக பக்தர் இல்லாமலில்லை. எனினும் தம் கோரிக்கையை உண்டியலிற் போட்டுவிட்டு அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆலய நிர்வாகிகளே! பூசாரிகளே! காப்பை அவிழ்க்கும் அன்று, மறுநாள் முதல் எதை விடப்போகிறார், எதைச் செய்யப்போகிறார் என்று பக்தரைத் தம் வாயாற் சொல்லச் செய்யுங்கள். அதற்கென்று தனித் தட்சிணை வேண்டுமாயினும் வாங்கிக்கொள்ளுங்கள்; நாம் ஆட்சேபியோம்.