ஒரு சுவரும் ஒரு கையெழுத்தும்

போன ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட மாமல்லபுரம் போயிருந்தோம். அர்ச்சுனன் தபசு பாறையில, பின்னங்காலால மூக்கைச் சொறியுற மானைக் காட்டி என் மக கேட்டா, "இந்த மான்லாம் இப்ப எங்கப்பா இருக்கு?"

"கிண்டியில இருக்கும்மா."

"அங்கேர்ந்து இங்க நடந்து வருமா?"

"வராது. சுத்தி சுவர் கட்டியிருக்காங்க."

சொன்னப்புறம் எனக்கே சுருக்குன்னுச்சு. முந்தின வாரம்தான் நானும் ஒரு சுவருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

செங்கல்பட்டு பக்கம் எங்க நகருக்குப் பின்னால ஒரு புதர்க்காட்டுக் குன்று இருக்கு. அதைத் தாண்டினா ஏரி. ராத்திரியில நரி ஊளை கேக்கும். முயலும் கீரியும் காலி மனை வழியா ஏரிக்குப் போயிட்டு வரும். 'சின்னப் பசங்க விளையாடற இடம்'னு சொல்லி, குன்றுக்கும் ஏரிக்கும் நடுவுல நீளமா ஒரு சுவர் கேட்டு சங்கத்துல மனு எழுதினாங்க. யோசிக்காம போட்டுட்டேன்.

நாம பொதுவா என்ன நினைக்கிறோம்? சுடாம, வெட்டாம விட்டா போதும், மிருகம் அது பாட்டுக்குப் பிழைச்சுக்கும்னு. தலை எண்ணிக்கை குறையலைன்னா திருப்தி. ஆனா அந்த எண்ணிக்கைக்குப் பின்னால இன்னொரு கணக்கு ஓடிக்கிட்டிருக்கு.

கிண்டியையே எடுத்துக்குவோம். 1910ல காப்புக்காடா அறிவிச்சப்ப 505 ஹெக்டேர். கல்வி நிறுவனம், நினைவிடம்னு கொஞ்சம் கொஞ்சமாப் போய், 1978ல தேசியப் பூங்கா ஆனப்ப மிச்சம் 270 ஹெக்டேர் சொச்சம். பக்கத்து ஐஐடி வளாகம் கூட அதே காட்டுல வெட்டின துண்டுதான். உள்ள இருக்கிற வெளிமானுக்கு வெளியூர்ச் சம்பந்தமே கிடையாது.

இருபது குடும்பம் இருக்கிற ஊர்ல யாரும் வெளிய பொண்ணு எடுக்கல, கொடுக்கலைன்னு வெச்சுக்குங்க. நாலு தலைமுறையில எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். சொந்தத்துல கல்யாணம்னா டாக்டர் ஏன் யோசிக்கறாரு? அப்பா கிட்டேர்ந்தும் அம்மா கிட்டேர்ந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தா, அதுவரை ஒளிஞ்சிருந்த நோய் வெளிய வந்துடும். இது ஒண்ணு. இன்னொண்ணு, சின்னக் கூட்டத்துல அதிர்ஷ்டம்தான் ராஜா. அபூர்வமான மரபணு வெச்சிருக்கிற ரெண்டே ரெண்டு மான் குட்டி போடாம செத்துட்டா, அந்த மரபணு அந்தக் காட்டை விட்டே போச்சு. நாளைக்குப் புதுசா ஒரு நோய் வந்தா, தாங்கறதுக்கு அதுதான் தேவைப்பட்டிருக்கும்.

ஒடிசாவுல சிம்லிபால் காட்டுக் 'கருப்புப் புலி' படம் பார்த்திருப்பீங்க. நானும் 'அட!'ன்னு வாயைப் பிளந்தவன்தான். பெங்களூரு உமா ராமகிருஷ்ணன் குழு 2021ல காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க. ஒரே ஒரு மரபணுவுல ஒரு சின்ன மாற்றம். அந்தக் காட்டுல மூணுல ஒரு புலிக்கு மேல அப்படி இருக்கு. கொஞ்சப் புலியிலேர்ந்து பெருகி, மத்த காடுகளோட தொடர்பு அறுந்து மாட்டிக்கிட்டதோட அடையாளம் அது. 2024ல தடோபாவிலேர்ந்து ரெண்டு பெண் புலியைக் கொண்டுபோய் விட்டாங்க. அதுல ஜீனத்ங்கிற புலி ஜார்க்கண்ட், மேற்கு வங்கம்னு நடையைக் கட்டிடுச்சு. கடைசியில மயக்க ஊசி போட்டுப் பிடிக்க வேண்டியதாப் போச்சு. வழியை அடைச்சுட்டு அப்புறம் வண்டியில ஏத்திக் கொண்டுபோறதுல இருக்கிற பாடு இது.

நிற்க. நல்ல சேதியும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காரங்க பல மாநிலத்துல வெளிமான் புழுக்கையைச் சேகரிச்சு மரபணுவை ஆராய்ஞ்சு, 2023ல முடிவை வெளியிட்டாங்க. பெண் மான்கள் பெரும்பாலும் சொந்த இடத்துலயே இருக்கு. ஆண் மான்கள் நாம நினைச்சதை விட அதிகமா ஊர் சுத்துது. இவ்வளவு வயலும் ஊரும் குறுக்க இருந்தும் மரபணு கலந்துக்கிட்டுதான் இருக்கு.

எனக்கு இதுல புரியறது ஒண்ணுதான். பெரிய காடு உண்டாக்க நம்மால முடியாது. இருக்கிற சந்தை அடைக்காம இருக்க முடியும். ஓடைக்கரை, ஏரிக்கரை, ரோட்டுக்கு அடியில போற மதகு, இதெல்லாம் நமக்கு வெத்து இடம். நரிக்கு அதுதான் சம்பந்தம் பேசப் போற வழி :-)

பசங்க பாதுகாப்பு முக்கியமில்லையான்னு கேப்பீங்க. என் மகளும் அங்கதான் விளையாடறா. அதனால சுவரே வேண்டாம்னு சொல்லல. வீடுகளைச் சுத்திக் கட்டுங்க, குன்றையும் ஏரியையும் பிரிக்காதீங்க, ஓடையைத் திறந்தே விடுங்கன்னு எழுதிக் கொடுத்துட்டு, என் கையெழுத்தையும் வாபஸ் வாங்கிட்டேன். செக்ரட்டரி சார் ஒரு பார்வை பார்த்தாரு. "நரிக்கு வழி விடவா சார் சங்கம் வெச்சிருக்கோம்?"

வர்ற ஞாயித்துக்கிழமை மீட்டிங். இப்போதைக்கு என் பக்கம் நானும் என் மகளும்தான். உங்க ஊர்லயும் இப்படி ஒரு சுவர் எழும்புதான்னு கொஞ்சம் எட்டிப் பாருங்க மக்களே.